சரண்டர் வேல்யூ

அக்கா பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்தபோது எனக்கு ஒரு வேலை இருந்தது. மொட்டைமாடியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து நோட்ஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே நடந்துகொண்டே, போர்ஷியாவின் குணநலன்களை ஆங்கிலத்தில் ஒப்பிப்பாள். நான் எட்டாவது, தமிழ் மீடியம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அவள் ஒரு வார்த்தையை விட்டுவிட்டால் கண்டுபிடிக்க அதுவே போதும். "நடுவுல ஒண்ணு விட்டுட்ட" என்று சொன்னால் முதல் வரிக்குப் போய்விடுவாள். விட்ட இடத்திலிருந்து தொடர அவளால் முடியாது. கேசட்டைச் சுற்றி முதலில் இருந்து ஓடவிடுவது போலத்தான்.

ஒருநாள் கேட்டேன், "ஷைலாக்னா யாரு?"

"அது வேற எஸ்ஸே. போன வருஷம் வந்துடுச்சு, இந்த வருஷம் வராது."

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ், அதற்குப் பிறகு மேஜர். வேதியியல் படிப்பவரும் வணிகவியல் படிப்பவரும் பார்ட் டூவில் கொஞ்சம் ஷேக்ஸ்பியர், கொஞ்சம் கவிதை, கொஞ்சம் உரைநடை, கொஞ்சம் இலக்கணம் தாண்டித்தான் பட்டம் வாங்க வேண்டும். அக்கா தாண்டினாள். 68 மதிப்பெண். வீட்டில் லட்டு வாங்கினோம்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸ் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அங்கிருந்து போன் வந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டிருக்கிறார். அக்கா இரண்டு முறை "எஸ் மேடம்" என்றாள், பிறகு போனை மாமாவிடம் கொடுத்துவிட்டாள். அவர் பேசி முடித்து, "நாளைக்கு மறுபடி கூப்பிடறாங்களாம்" என்றார். மறுநாள் அவள் போனை எடுக்கவே இல்லை.

அந்த 68 மதிப்பெண் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை ஒரு குடைச்சல் உண்டு. இந்தக் கட்டுரை அதைத் தேடிப் போன கதைதான். ஷேக்ஸ்பியரும் பாசிவ் வாய்ஸும் எங்கள் மொட்டைமாடிக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தன?

*

மெக்காலேயிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி அவர் எழுதிய குறிப்பு, அதைப் பென்டிங்க் அடுத்த மாதமே அரசின் கொள்கையாக்கியது, ரத்தத்தில் இந்தியராகவும் ரசனையில் ஆங்கிலேயராகவும் இருக்கும் ஒரு வகுப்பை உண்டாக்கும் திட்டம் என்று எல்லாம் வாட்ஸாப் வரை வந்தாகிவிட்டது. நான் சேர்க்க ஒரே ஒரு தகவல்தான்: இந்தியா வந்த மெக்காலே முதலில் கால் வைத்தது சென்னைக் கரையில். 1834 ஜூனில் இறங்கி, ஊட்டியில் தங்கியிருந்த பென்டிங்கைப் பார்க்க நேரே மலையேறினார். கல்கத்தாவெல்லாம் அதற்கப்புறம்தான்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொரு விஷயம். ஆங்கில இலக்கியத்தை ஆக்ஸ்ஃபோர்டு ஒரு பட்டப்படிப்பாக ஏற்றுக்கொண்டது 1894-இல். கேம்பிரிட்ஜ் அதற்கும் பின்னால், 1917-இல். அதுவரை அங்கே படித்தவன் என்றால் கிரேக்கமும் லத்தீனும் படித்தவன். மில்டனை வீட்டில் படித்துக்கொள்ளலாம், அதற்கு எதற்கு வாத்தியார் என்ற எண்ணம். ஆனால் கல்கத்தாவில் 1820-களிலேயே ஷேக்ஸ்பியர் வகுப்பறைக்குள் வந்துவிட்டார். கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளியிட்ட 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்' இதைத்தான் விரிவாகச் சொல்கிறது. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருவெடுத்ததில் காலனிக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப் பார்த்தால் பார்ட் டூ இங்கிலீஷ் நமக்கு அனுப்பப்பட்ட பழைய சரக்கு இல்லை. நம்மை வைத்துச் சோதித்துப் பார்த்த புதுச் சரக்கு.

ஏன் இலக்கியம்? கம்பெனிக்கு ஒரு சிக்கல் இருந்தது. 1813 சாசனச் சட்டம் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயாவது ஒதுக்கச் சொன்னது. ஆனால் அரசுப் பணத்தில் பைபிள் சொல்லிக்கொடுத்தால் நாடு கொந்தளிக்கும் என்ற பயமும் இருந்தது. மதத்தைச் சொல்லாமல் ஒழுக்கத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு மில்டனும் அடிசனும் ஜான்சனும் வசதியாகக் கிடைத்தார்கள். அந்தப் பயம் கற்பனையும் இல்லை. சென்னையில் 1846-இல் ஆளுநர் ட்வீடேல் பிரபு அரசுப் பள்ளிகளில் பைபிள் வகுப்பைக் கொண்டுவரப் பார்த்தார். 'கிரெசன்ட்' பத்திரிகை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டி முதலானவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களே அந்த யோசனையை நிராகரித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே சென்னையில் 1839-இல் உயர்கல்வி வேண்டும் என்று கேட்டு 70,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் போயிருந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1841-இல் எழும்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டு, பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. கல்கத்தாவின் இந்து கல்லூரியையும் 1817-இல் உள்ளூர்ப் பெரியவர்கள்தான் தங்கள் பணத்தைப் போட்டுத் தொடங்கினார்கள். ஆங்கிலம் நம் தலையில் கட்டப்பட்டது என்று சொல்பவர்களும், நாம் கேட்டு வாங்கியது என்று சொல்பவர்களும் ஆளுக்கொரு சான்றைக் கையில் வைத்திருக்கிறார்கள். இரண்டும் உண்மைதான்.

அந்த இந்து கல்லூரியில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒருவர் ஹென்றி டிரோசியோ. 1826-இல் வேலைக்குச் சேர்ந்தபோது வயது பதினேழு. மாணவர்களில் சிலர் அவரைவிட ஒன்றிரண்டு வயதுதான் இளையவர்கள். இலக்கியமும் வரலாறும் நடத்தினார். வகுப்பு முடிந்த பிறகும் விவாதம் முடியாது. கடவுள் உண்டா, விதி உண்டா, சாதி எதற்கு என்று பையன்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். வீடுகளில் பூகம்பம். 1831-இல் நிர்வாகம் அவரை வெளியேற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் காலராவில் இறந்தார். வயது 22.

இன்னொருவர் டி.எல். ரிச்சர்ட்சன், கம்பெனிப் படையில் கேப்டனாக இருந்தவர். அவர் ஷேக்ஸ்பியரை வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாமாம். மெக்காலேகூட, இந்தியாவில் பார்த்த எல்லாம் மறந்தாலும் அந்த வாசிப்பு மறக்காது என்றாராம். அந்தக் காதில் விழுந்த ஆங்கிலம்தான் மைக்கேல் மதுசூதன தத்தரை முதலில் ஆங்கிலக் கவிஞராக்க முயன்றது, பிறகு சுற்றிவந்து வங்காளத்தின் பெரும் கவிஞராக்கியது.

இருவரிடமும் நோட்ஸ் இல்லை. அக்காவுக்குக் கிடைக்காமல் போனது எது என்று கேட்டால் இவர்களைத்தான் காட்டுவேன். ஆனால் நியாயமாகப் பார்த்தால் இவர்கள் விதிவிலக்குகள். கல்கத்தாவின் வசதியான வீட்டுப் பையன்கள், சின்ன வகுப்பு, தலைக்கு மேல் பரீட்சை என்ற கத்தி இன்னும் தொங்கத் தொடங்காத காலம்.

கத்தி சீக்கிரமே வந்தது. 1844-இல் ஹார்டிஞ்ச், ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தார். 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடங்களிலும் பல்கலைக்கழகங்கள் வந்தன. மூன்றும் அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சு. அவை பாடம் நடத்தவில்லை. பாடத்திட்டம் வகுத்தன, பரீட்சை வைத்தன, பட்டம் கொடுத்தன. பாடம் நடத்துபவர் ஓரிடம், கேள்வித்தாள் எடுப்பவர் இன்னோரிடம். இருவருக்கும் பொதுவாக இருப்பது 'பரிந்துரைக்கப்பட்ட நூல்' மட்டும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. எந்தெந்த டெஸ்ட் கேஸ் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் புரோகிராம் எழுத வேண்டியதில்லை. விடையை அப்படியே ஹார்டுகோட் பண்ணினால் போதும், எல்லாம் பச்சை விளக்கு எரியும். நூற்றைம்பது வருடங்களாக இந்தியாவின் கல்லூரி மாணவர்கள் ஆங்கிலத்தை ஹார்டுகோட் செய்துகொண்டிருக்கிறார்கள். 1901-இல் சிம்லாவில் கல்வி மாநாடு கூட்டிய கர்சன் பிரபு மனப்பாடப் படிப்பைப் பற்றிப் புலம்பினார், அடுத்த வருடமே பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கமிஷன் போட்டார். எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு அது வந்து சேரவில்லை.

*

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் யாழ்ப்பாணம்.

அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். ஆங்கிலம், கணிதம், வானியல், கூடவே தமிழ் இலக்கணமும். படித்தவர்கள் மதபோதகர்களாவார்கள் என்பது கணக்கு. ஆங்கிலம் கைக்கு வந்ததும் பையன்கள் அரசு வேலைக்குப் போனார்கள். 1855-இல் மிஷன் தலைமை கணக்குப் பார்த்து, போட்ட முதலுக்கு வரவு இல்லையென்று செமினரியை மூடியது.

அங்கே படித்த ஒருவர் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் இரண்டு பேர் தேறினார்கள், இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. அந்தப் பட்டத்தை வைத்து அரசுப் பணியில் உயர்ந்த தாமோதரம்பிள்ளை, மிச்ச நேரத்தில் என்ன செய்தார்? 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சிட்டார். 1881-இல் வீரசோழியம். 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம். 1887-இல் கலித்தொகை. ஆங்கிலம் படிக்க வந்த முதல் பட்டதாரி தமிழ் இலக்கணத்தைக் கறையான் வாயிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தார். மெக்காலே இந்த வகுப்பை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் எல்லோரும் தாமோதரம்பிள்ளை இல்லை. கும்பகோணம் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று உதவித்தொகையை இழந்தார். 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார். கணிதத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சரிபார்க்க உலகத்திலேயே இரண்டு மூன்று பேர்தான் இருந்திருப்பார்கள். அவருடைய ஆங்கிலத்தைச் சரிபார்க்க மட்டும் கும்பகோணத்திலேயே ஆள் இருந்தார்கள்.

பாரதி இந்தக் கல்வியைத் திட்டித் தன் கவிதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தந்தைக்குச் செலவு, தனக்குத் தீது, கம்பனும் காளிதாசனும் தெரியாமல் கரையேறும் பிள்ளைகள் என்று கோபம் கொப்பளிக்கும். அதே பாரதிதான் ஷெல்லியின் மேல் பித்தாகி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். வகுப்பறை ஆங்கிலத்தை வெறுத்தவருக்கு ஷெல்லி எப்படியோ கிடைத்துவிட்டார். தானாகப் போய்த் தேடிப் படித்ததால்தான் கிடைத்தார் என்பது என் ஊகம்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அப்போது வில்லியம் மில்லர். 1877 முதல் 1907 வரை முதல்வர். ஷேக்ஸ்பியரை வாழ்க்கைப் பாடமாகவே நடத்தியவர். 1900-இல் லியர் மன்னனையும் இந்திய அரசியலையும் சேர்த்து ஒரு புத்தகமே எழுதினார். மாணவர்களிடம் பெரிய மரியாதை. அவரைப் பற்றியும் பரிதிமாற்கலைஞரைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். டென்னிசன் படகின் துடுப்பை வர்ணித்ததைச் சொல்லி, இப்படித் தமிழில் உண்டா என்று மில்லர் கேட்க, கம்பனில் குகன் படகு போகும் பாட்டைப் பரிதிமாற்கலைஞர் எடுத்துச் சொன்னாராம். தமிழ் வாத்தியார்கள் இதைச் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். எனக்கும் புல்லரித்திருக்கிறது. இப்போது யோசித்தால், அந்தக் கேள்வி கேட்கப்பட்டதே உறுத்துகிறது. கேட்பவர் இடத்தில் எப்போதும் டென்னிசன்தானே இருக்கிறார்.

*

இனி இலக்கணம்.

நான் எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த ஆங்கிலத்தில் பாதி 'மாற்று' வகை. ஆக்டிவை பாசிவாக மாற்று. டைரக்டை இன்டைரக்டாக மாற்று. சிம்பிளை காம்ப்ளெக்ஸாக மாற்று. எலிக்கு முதலிலேயே வால் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, வாலைத் தலைக்கு மாற்று என்றார்கள். இந்தப் பழக்கத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு.

லிண்ட்லி மர்ரே என்று ஓர் அமெரிக்க வக்கீல். இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறியவர். அங்கே ஒரு குவேக்கர் பெண்கள் பள்ளிக்காக 1795-இல் ஆங்கில இலக்கண நூல் எழுதினார். உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்றது. லத்தீன் இலக்கணத்தின் சட்டையை ஆங்கிலத்துக்கு மாட்டிவிட்ட மரபில் வந்தது அது. வரையறையை மனப்பாடம் செய், விதியை மனப்பாடம் செய், பிறகு ஒரு வாக்கியத்தை எடுத்துச் சொல் சொல்லாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இனம், எண், வேற்றுமை சொல். இதற்குப் பெயர் பார்சிங். கம்ப்யூட்டர் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். கம்பைலருக்குள் முதலில் உட்கார்ந்திருப்பதும் ஒரு பார்சர்தான், பெயரும் அதே வகுப்பறையிலிருந்து வந்ததுதான். பார்சர் வாக்கியத்தைப் பிரிக்கும். அதற்கு அந்த வாக்கியத்தால் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மர்ரேக்குப் பிறகு இந்தியாவை ஆண்டவர் ஜே.சி. நெஸ்ஃபீல்ட். வடமேற்கு மாகாணங்களிலும் அவத்திலும் கல்வித்துறை அதிகாரி. 1890-களில் வந்த அவருடைய இலக்கண வரிசை நம் தாத்தாக்கள் காலத்து வேதம். அந்த நெஸ்ஃபீல்ட் இன்னொரு புத்தகமும் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். 1885-இல் வெளிவந்தது. அந்த மாகாணங்களின் சாதி அமைப்பைப் பற்றியது. சாதிகளைத் தொழில் வாரியாக அடுக்கி, எது எதற்கு மேலே என்று வரிசைப்படுத்துகிறார். அதே கை பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் பெட்டி பெட்டியாக அடுக்கியது. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆங்கிலேய அதிகாரிக்கு எதைக் கொடுத்தாலும் அட்டவணை போடுவார் என்று மட்டும் சொல்லலாம்.

அடுத்து நம் எல்லோர் வீட்டிலும் இருந்த சிவப்பு அட்டைப் புத்தகம், ரென் அண்ட் மார்ட்டின். 1930-களில் வந்தது. பிற்காலத்தில் என்.டி.வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்பைத்தான் நாம் பார்த்திருப்போம். இந்த ரென் யார் தெரியுமா? பி.சி. ரென், 1903-இல் இந்தியா வந்து பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்ற நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றவர். பிரெஞ்சு அந்நியர் படை, சகாராப் பாலைவனக் கோட்டை, திருடு போன நீலக்கல், மூன்று சகோதரர்கள். ஹாலிவுட் அதைத் திரும்பத் திரும்பப் படமாக எடுத்தது. அப்படிப்பட்ட கதைசொல்லி நமக்கு விட்டுவிட்டுப் போனது கோடிட்ட இடங்களை. அவர் கதையையே பாடமாக வைத்திருந்தால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஆங்கிலம் பேசியிருப்பார்கள் என்று நண்பன் ஒருவன் சொல்வான். மிகைதான், ஆனாலும் அவன் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

ரென் அண்ட் மார்ட்டினைக் கிண்டல் செய்துவிட்டு நகர்வது சுலபம். ஏற்கெனவே ஆங்கிலம் ஓரளவு காதில் விழும் வீட்டுப் பிள்ளைக்கு அது நல்ல புத்தகம், தெரிந்ததை ஒழுங்குபடுத்திக்கொடுக்கும். எங்களுக்கு அது பெட்ரோல் இல்லாத வண்டிக்குச் சர்வீஸ் மேனுவல்.

*

மைக்கேல் வெஸ்ட் என்ற பெயரை நான் தற்செயலாகத்தான் கண்டேன். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்த ஆங்கிலேயர். 1926-இல் இருமொழிக் கல்வி பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார். அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. வங்காளத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்பவன் கையில் என்ன மிஞ்சுகிறது?

இதற்கு அவர் இன்சூரன்ஸ் வார்த்தை ஒன்றைப் பயன்படுத்தினார்: சரண்டர் வேல்யூ. எல்.ஐ.சி. பாலிசி எடுத்தவர்களுக்குத் தெரியும். முழுத் தவணையும் கட்டாமல் பாதியில் சரண்டர் பண்ணினால் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு. நம் ஆங்கிலப் படிப்பு முழுத் தவணையும் கட்டுபவனை மனதில் வைத்தே போடப்பட்ட பாலிசி, நடுவில் நிற்பவனுக்குப் பூஜ்ஜியம் என்றார் வெஸ்ட். ஆகவே முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள், வாசிப்பு மட்டும்தான் எந்த இடத்தில் நின்றாலும் கொஞ்சம் மிஞ்சும் என்பது அவர் வாதம். சொன்னதோடு நிற்காமல், அடிக்கடி வரும் சொற்களை எண்ணித் தேர்ந்து, அவற்றை மட்டும் வைத்துப் பெரிய கதைகளைச் சின்ன ஆங்கிலத்தில் எழுதிப் புத்தகங்களாகக் கொண்டுவந்தார். அவருடைய சொற்பட்டியல் 1953-இல் முழுமையாக வெளிவந்தது, ஏறத்தாழ 2000 சொற்கள்.

இதைப் படித்தபோது அக்காதான் நினைவுக்கு வந்தாள். அவள் பாதியில் நிற்கவில்லை. எல்லாத் தவணையும் கட்டினாள். பட்டம் வாங்கினாள். பிறகும் சரண்டர் வேல்யூ ஒரு 'எஸ் மேடம்'. வெஸ்டின் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1958-இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் வந்தது. அதையொட்டிய வருடங்களில் சென்னை மாகாணத்தில் ஒரு பிரம்மாண்டமான முயற்சி நடந்தது. தொடக்க நிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி. சிலருக்குப் பயிற்சி கொடு, அவர்கள் போய் இன்னும் பலருக்குக் கொடுப்பார்கள் என்ற ஏற்பாடு. உருளும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பனியே பார்க்காத ஊரில் பனிப்பந்து! வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் பலமுறை சொல்லவைத்துப் பழக்கும் முறை அது. பேனாவைத் தூக்கிக் காட்டி இது பேனா என்று வகுப்பே கோரஸாகச் சொன்ன தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் அதே ராகத்தில் சொல்வார்கள்.

அந்த முறையில் திருப்தி இல்லாதவர்களில் ஒருவர் என்.எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தார். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் அவரும் நண்பர்களும் ஒரு சோதனை செய்தார்கள். இலக்கணப் பட்டியலே கிடையாது. வகுப்புக்கு ஒரு ரயில் கால அட்டவணை வரும். இன்ன ஊரில் இத்தனை மணிக்கு இருக்க வேண்டும், எந்த வண்டியைப் பிடிக்கலாம்? ஒரு வரைபடம் வரும். தபால் ஆபீஸிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எந்த வழி கிட்டம்? முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவார். பிறகு அதே மாதிரி இன்னொன்றை மாணவர்கள் தனியாகப் போடுவார்கள். தப்பும் தவறுமாகச் சொன்னாலும் விடை சரியா என்றுதான் பார்ப்பார்கள். மனம் அர்த்தத்தில் இருக்கும்போது இலக்கணம் அதன் பாட்டுக்கு உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் நம்பிக்கை. 'செகண்ட் லாங்க்வேஜ் பெடகாஜி' என்று 1987-இல் புத்தகமாக எழுதினார். இன்று உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் படிக்கும் புத்தகம்.

சோதனையின் முடிவுகளை வெளியாட்கள் வந்து அளந்தார்கள். எதிர்பார்த்தது போலவே, பழைய முறை வகுப்புகள் பழைய மாதிரிப் பரீட்சையில் முந்தின. மொழியைப் பயன்படுத்த வேண்டிய பரீட்சைகளில் பிரபுவின் வகுப்புகள் பெரும்பாலும் முந்தின. வெற்றி முழக்கம் போடும்படியான வித்தியாசம் இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. பிரபுவுமே பிற்பாடு, சிறந்த முறை என்று ஒன்றே கிடையாது என்ற கட்டுரையை 1990-இல் எழுதினார். ஆசிரியருக்குத் தான் செய்வதில் உயிர்ப்பான நம்பிக்கை இருக்கிறதா, அல்லது சடங்காகச் செய்கிறாரா என்பதுதான் விஷயம் என்றார். டிரோசியோவையும் ரிச்சர்ட்சனையும் வேறு எந்த முறையில் அடைக்க முடியும்?

எங்கள் இன்ஜினியரிங் கல்லூரியில் முதல் வருடம் 'டெக்னிகல் இங்கிலீஷ்' நடத்திய மேடமுக்கு ஒரு வகுப்பில் அறுபது பேருக்கு மேல். பாதிப் பேர் தமிழ் மீடியம், மிச்சம் பேருக்கு அந்த வகுப்பு ரெஸ்ட் அவர். அவர் ஒருநாள் போர்டைத் துடைத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல், "நான் எம்.ஏ.ல கீட்ஸ் படிச்சேன்பா, உங்களுக்கு ரெஸ்யூம் எழுதச் சொல்லித்தரேன்" என்றார். அன்று அது ஜோக் என்று நினைத்துச் சிரித்தோம்.

*

போன வருடத்திலிருந்து மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்பது பெரிய வார்த்தை. முதல் இரண்டு வாரம் நானும் டென்ஸ் அட்டவணைதான் போட்டேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மூன்றாவது வாரம் பாதிப் பேர் வரவில்லை.

நான்காவது வாரம் பிரபுவைத் திருடினேன். சென்னைக்குப் போகும் பஸ்களின் நேரத்தை எழுதி எடுத்துப்போனேன். 11 மணிக்கு கிண்டியில் இன்டர்வியூ, எதில் போவீங்க, ஆங்கிலத்தில் சொல்லுங்க. கொஞ்ச நேரம் அமைதி. முன் வரிசையில் ஒரு பையன் ஒரு பஸ்ஸைச் சொன்னான். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்துவிட்டாள். "நோ நோ. தட் பஸ் கோயிங் வயா பாண்டி. லேட் வில் கம். கம்பெனி கேட் க்ளோஸ்." அவன் விடவில்லை. "யூ கோ திண்டிவனம், சேஞ்ச் பஸ்." "சேஞ்ச் பஸ் மீன்ஸ் சீட் நாட் கெட்டிங்!" பத்து நிமிடம் சண்டை. என் கை சாக்பீஸுக்குப் போய்ப் போய் வந்தது. 'கோயிங்'குக்கு முன்னால் 'இஸ்' போடணும்னு சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அடுத்த வாரம் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் அக்கா ஊருக்கு வந்திருந்தாள். நான் வகுப்புக்கு வாங்கி வைத்திருந்த சின்ன ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வெஸ்ட் தொடங்கிவைத்த வகை, எளிய சொற்களில் சுருக்கி எழுதியவை. அதில் வெனிஸ் வணிகனும் இருந்தது. "இதுல போர்ஷியா இருக்காளா?" என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து ராத்திரி பத்தரை மணிக்கு போன். அவள் அந்த நேரத்தில் கூப்பிட்டால் எனக்குக் கை நடுங்கும், அப்பாவுக்கு ஏதாவதா என்று.

"ஒண்ணுமில்ல, அந்தப் புக்கை முடிச்சுட்டேன். டிக்‌ஷனரி நாலஞ்சு எடத்துலதான் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"அந்த ஷைலாக்கு பாவம்டா. பொண்ணும் போயிட்டா, நகையும் போயிடுச்சு, கடைசியில சாமியையும் மாத்திக்கச் சொல்லிட்டாங்க. போர்ஷியா பேசறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவளும் அங்கதானே நின்னுட்டிருக்கா? ஒரு வார்த்தை சொல்லலையே?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "இதெல்லாம் நோட்ஸ்ல இல்லடா."